நிறுத்தி வைத்த நாற்பத்து மூன்று

மத்தியானச் சாப்பாடு முடிந்து கைப்பேசியைத் திறந்தால் நான்தான் ராஜா. எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தின் இணையக் குழுவில் நான் அனுமதிக்காமல் ஒரு வணக்கம்கூட வெளியே போகாது. முப்பத்தாறு வருடம் தபால் பிரித்த விரல் இது. தண்ணீர்த் தொட்டித் தகராறில் மூன்றாம் உலகப் போரையே தடுத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முன்பு ஆறாம் மாடி டீச்சரம்மா எழுதினார்: "தினமும் மத்தியானம் மூணு மணிக்கு யாரோ படியேறி என் வாசலைத் தாண்டி மேலே போறாங்க. வேற யாருக்காவது கேக்குதா?"

மேலே எங்கே போவது? ஆறாம் மாடியோடு படி முடிந்துவிடுகிறது. அப்புறம் வெறும் சுவர். வதந்தி என்று நிறுத்திவைத்தேன். மறுநாள் இரண்டாம் மாடித் தையல்காரர் அதையே எழுதினார். பிறகு பல் வைத்தியர், தரைத்தள வக்கீல். எல்லோருக்கும் கடைசி வரி ஒன்றே. வேற யாருக்காவது கேக்குதா? இப்படி வந்த நாற்பத்து மூன்று பதிவுகளையும் நிறுத்தினேன். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று அத்தனை பேரும் லிஃப்டில் வாய்மூடி நின்றார்கள். அப்படியோர் அமைதியைக் கட்டடம் கண்டதில்லை. பெருமையில் எனக்கு நாலு கிலோ எடை கூடியது. மூன்று மணிக்கு மட்டும் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

இன்று மணி இரண்டே முக்கால். துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி சொன்னாள்:

"டீச்சரம்மாவ மகன் கூட்டிட்டுப் போறானாம். காலடி கேக்குதுன்னு அவன்கிட்ட சொன்னாங்களாம், அதுக்கு."

"ஆஸ்பத்திரிக்கா?"

"தாழ்ப்பா வெளிப்பக்கம் இருக்குற எடத்துக்கு. போனா திரும்பி வர்றதெல்லாம் இல்லியாம்."

டிவியைப் போட எடுத்த ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"ஏய், உனக்கு எப்பவாவது கேட்டிருக்கா?"

"இப்ப வந்து கேளுங்க. போன மாசமே உங்க குழுவுலதான் எழுதினேன். பேரைக்கூடப் பாக்காம நிறுத்தின மகராசன்தானே நீங்க?"

தேடிப் பார்த்தேன். இருபத்தொன்பதாவது அவளுடையது.

இவற்றை வெளியிட்டால் கட்டடமே பீதியில் கொதிக்கும், என் ராஜாங்கமும் அன்றோடு காலி. மேலே டீச்சரம்மா வீட்டில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. ஒன்றுவிடாமல் நாற்பத்து மூன்றையும் அனுமதித்தேன்.

தரைத்தளத்திலிருந்து உச்சிவரை கைப்பேசிகள் ஒலித்தன. பிறகு கதவுகள் திறந்தன. நானும் அவளும் ஆறாம் மாடிக்கு ஏறினோம். வழியெல்லாம் கையில் கைப்பேசியோடு ஆட்கள். டீச்சரம்மா வாசலில் நின்றிருந்தார். அவர் பெட்டியைப் பிடித்திருந்த மகன் அவர் கைப்பேசியில் வந்ததைப் படித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

மணி மூன்று. யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அடியிலிருந்து ஒவ்வொரு மாடியாக எல்லோரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டோம், படியின் நடுவே ஓர் ஆள் போகும் அளவுக்கு இடம் விட்டு.