பேராயரின் வசனம்

"எனக்காக ஒரு சதமும் குடுக்க வேண்டாம்" என்ற இடத்தில், ஒத்திகையில் நீக்கிலாப்பிள்ளை நான்காவது முறையும் நின்றுபோனார்.

வசனத் தாள்களோடு நின்ற நிரஞ்சனிக்குத் தலை வலித்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் தேவாலயத்தின் பங்கு மண்டபம் நான்கு மணிவரைதான் கிடைக்கும். நாடகத்துக்கு இன்னும் எட்டே நாள். ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் பேராயராக இருந்த அல்பீஜின் கதை அது. வைக்கிங் கொள்ளையர் அவரை ஏழு மாதம் அடைத்துவைத்து மீட்புப்பணம் கேட்டார்கள். கொடுத்தால் தன் குடியானவர்கள் நொடிந்துபோவார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். விருந்தில் குடித்திருந்தவர்கள் மாட்டெலும்புகளால் எறிந்தே அவரைக் கொன்றார்கள். தான் வேலை பார்க்கும் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கைப்பேசியில் இதை வாசித்த நாளிலிருந்து நிரஞ்சனியால் அந்த மனிதரை விட முடியவில்லை. நாடகத்தைத் தானே எழுதினாள். பேராயர் வேடத்துக்கு, கணீரென்ற குரலுக்காக, நீக்கிலாப்பிள்ளையைத் தேடிப்பிடித்ததும் அவள்தான்.

"அண்ணை, மற்றதெல்லாம் தண்ணி மாதிரிச் சொல்லுறியள். இந்த ஒரு வரி ஏன் பாடமில்லை?"

"பாடம்தான் பிள்ளை. சொல்லத்தான் வாய் வருகுதில்லை."

"அப்ப வேற ஆளைப் போடட்டே?" குரலின் கடுமை அவளுக்கே உறைத்தது.

அவர் மேடைப் படியில் உட்கார்ந்தார். "வவுனியாவில என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். ரெண்டாம் நாள் வீட்டில காசு கேக்கச்சொல்லி போன் தந்தாங்கள். எதையாவது வித்து என்னை எடுங்கோ எண்டு அழுதனான். அக்கா தன்ர சீதன வீட்டை வித்துத்தான் எடுத்தவ. அவவின்ர கலியாணமும் அதோட நிண்டுபோச்சு. முன்வரிசையில அவ இருக்கேக்க இதை எப்பிடிச் சொல்லுறது?"

அவளுக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, எரிச்சல். இதை வேடம் கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாமே! பிறகு அந்த எரிச்சல் பேராயர்மேலேயே திரும்பியது. அந்த மனிதருக்கு வீட்டை விற்க ஓர் அக்கா இருந்திருந்தால்? அந்த வரியை வெட்டினால் நாடகத்தில் மிஞ்சுவது எலும்பெறி மட்டும்தான். ஆனாலும் வெட்டுவதற்குப் பென்சிலை எடுத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நீக்கிலாப்பிள்ளையின் அக்கா புஷ்பவதி வந்தார். தைத்து முடித்த ஊதா அங்கியைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி அவர் காலடியில் மண்டியிட்டார்.

"கையை விரி. நீளமாக் கிடக்கு, தடக்கி விழப்போறாய். அந்தப் பணம் கேக்கிற இடத்தை ஒருக்கா நடிச்சுக்காட்டு, எவ்வளவு மடிக்கிறதெண்டு பாப்பம்."

நீக்கிலாப்பிள்ளை நிரஞ்சனியைப் பார்த்தார். அவள் தாளில் இன்னும் வெட்டாமல் இருந்த அந்த வரியைப் பார்த்தாள். அக்கா அங்கியின் ஓரத்தைப் பிடித்தபடி, அண்ணாந்து காத்திருந்தார். தம்பியின் விரித்த கைகள் விரித்தபடியே இருந்தன.