ஓட்டினவன் கால் எங்கே இருந்தது?

சபரிநாதன் மறுபடியும் காலை மேலே தூக்கி வைக்க வேண்டும் என்று எட்டு மாதம் காத்திருந்தேன். சாமிக்கு நேர்ந்துகொள்ளாத குறை ஒன்றுதான்.

அவன் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி ஓனர். நான் வளவன், அவனுடைய கார் டிரைவர். நேரில் "அண்ணா" போட்டதே போதும், இங்கே அவனுக்கு மரியாதை கிடையாது. பதினோரு வருடம் அவனுக்கு ஓட்டினேன். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. போன வருடம் புதுக் கார் ஒன்று வாங்கினான். குரூஸைப் போட்டுவிட்டால் தானாகவே வேகம் பிடிக்கும், முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அது வந்த நாளிலிருந்து ஸ்டியரிங் என் கைக்கு வரவில்லை. பைபாஸ் ஏறியதும் குரூஸைப் போடுவான். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி, வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு.

"அண்ணா, காலு பிரேக்குக்குப் பக்கத்துலயே இருக்கோணும்னு ஷோரூம்ல சொன்னாங்கல்லங்க. நிக்கிற வண்டிய இது சில சமயம் கண்டுக்காதாமுங்க" என்றேன்.

"காலுக்கு வேலை வேண்டாம்னுதானடா இதை வாங்குனேன்? பேசாம வாடா" என்றான்.

நாமக்கல் பைபாஸில், மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதி ரோட்டை அடைத்து நின்றிருந்தது. அதை ஓட்டிவந்த சின்னண்ணன் கீழே இறங்கி, டிரெய்லரின் பின்பக்கம் சரிந்த கரும்பைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கார் வேகத்தைக் குறைக்கவே இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து நான் கத்தினேன். அதுவரைதான் எனக்கு நினைவு.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது சின்னண்ணன் இறந்துபோயிருந்தார். காரை ஓட்டியது வளவன் என்று ஸ்டேஷனில் எழுதியும் ஆகிவிட்டது. எங்கள் பக்கம் இது வழக்கம்தான். லாரியோ காரோ, ஓனர் ஓட்டி ஆள் செத்தால் கேஸ் டிரைவர் தலையில் விழும். "வக்கீல் வெச்சு நானு பாத்துக்கறேன், நீ ஒத்துக்கிட்டுப் போயிரு" என்று பழப்பையோடு வந்து சொன்னான் சபரிநாதன். என் லைசென்ஸ் போனது. கேஸ் தீர்ந்தால் ஜெயில்தான்.

சின்னண்ணனின் மனைவி பாவாயியம்மாவைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"கொன்னவனே ஊடு தேடி வந்து கதை சொல்றியா? ஓட்டுனது அவருன்னா, அதை அவரு வாயாலயே நான் கேக்கோணும். அதுவரைக்கும் எம்மூஞ்சில முழிக்காத" என்று கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னது நியாயம். ஆகவே சபரிநாதனோடு சண்டை போடவில்லை. கும்பிடு போட்டு அவனிடமே திரும்பிப் போனேன். ஒத்துக்கொள்கிறவன் போல ஒத்துக்கொண்டேன். லைசென்ஸ் இல்லாததால் காரைக் கழுவினேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடியாகப் போனேன். சூடு சொரணை கெட்டவன் என்று ஊரே பேசியது. பேசட்டும், புலி பதுங்குவது பாய்வதற்குத்தான்.

ஐந்து மாதம் கழித்து இன்சூரன்ஸில் அதே மாதிரி இன்னொரு கார் வந்தது. ஓர் உயிர் போனதைப் பார்த்தவன் இனிமேல் காலைக் கீழேதான் வைத்திருப்பான் என்று நினைப்பீர்கள். மூன்று மாதம் வைத்திருந்தான். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அவன் செய்த ஒரு தப்பு எனக்குக் கை கொடுத்தது. எங்கள் ஊர்களில் பகையாளி வீட்டு எழவுக்குக்கூடப் போய்த் தலை காட்டிவிட்டு வருவார்கள். இவன் சின்னண்ணன் எழவுக்குப் போகவில்லை. அதனால் பாவாயியம்மாவின் முகம் அவனுக்குத் தெரியாது.

கேஸுக்குக் கடைசி வாய்தா நெருங்கியபோது மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். "ஒரே ஒருக்கா கார்ல வந்து, உங்க காதாலயே கேளுங்க" என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். மறுநாள் காலை சபரிநாதனிடம், "எங்க பெரியம்மாவுங்க, நாமக்கல் வரைக்கும் ஏத்திக்கலாங்களாண்ணா?" என்று கேட்டேன். "வரச் சொல்லுடா" என்றான்.

பைபாஸ் வந்தது. குரூஸ் விழுந்தது, கால்கள் மேலே ஏறின. என் சட்டைப் பையில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா பெரியம்மா, காலே படாம ஓடுது" என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பாவாயியம்மா முன்னால் நகர்ந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இவன் இடிச்சானே, அந்த வண்டியும் இப்படித்தானுங்களா? இவனால ஒரு உசுரு போயிருச்சுங்களே."

சபரிநாதனுக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. "அக்கா, உங்க வளவன் தங்கமுங்க. எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டான். அன்னிக்கு ஓட்டுனது நானுங்க. இதே மாதிரி காலு ரெண்டும் மேல இருந்துச்சு. எறக்கறதுக்குள்ள வேட்டி சிக்கிக்கிச்சு. அந்தாளும் போயி நடு ரோட்டுலயா நிப்பான்? அவன் விதி, என்ன பண்றது?"



"அவரு பேரு சின்னண்ணனுங்க" என்றார் பாவாயியம்மா. "எம்புருசன்."

அவன் தலை அவர் பக்கம் திரும்பியது, பிறகு என் பக்கம் திரும்பியது. நான் போனை வெளியே எடுத்து, பதிவை நிறுத்தி, அவனுக்குத் தெரியாமல் நான் வைத்திருந்த வக்கீலுக்கு அவன் கண் முன்னாலேயே அனுப்பினேன். கார் அதன் பாட்டுக்கு எண்பதில் போய்க்கொண்டிருந்தது. காலை இறக்கப் பார்த்தான்; முழங்காலுக்கு அடியில் வேட்டி மாட்டி இழுத்தது. எனக்கு அவன் மேல் ஒரு துளி இரக்கமும் வரவில்லை. வயிறு குளிர்ந்தது.

"வளவா, நிறுத்துடா! வண்டிய நிறுத்துடா!"

பதினோரு வருடமாக அந்தக் குரலுக்கு நிறுத்தியவன் நான். இப்போது சீட்டில் நன்றாகச் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

"நான் எப்படீங்ணா நிறுத்தறது?" என்றேன். "ஓட்டறது நீங்கதானுங்களே."