மெழுகு உருகிய நான்கு மண்கட்டிகள்

1

இந்தக் கதை ஒரு வேனின் பின்பக்கத்தில் பிறந்தது. கேட்க நன்றாக இல்லை, தெரியும். மெத்னீன் ஊரின் சாலை ஆய்வகத்து வேன், நோன்பு மாதம், ஜூன் வெயில். பின்னால் ஈரம் போகாமலிருக்க மெழுகு பூசிய நான்கு மண்கட்டிகள்.

முதலில் எழுதிய தொடக்கம்: "தாகம் கொண்ட மண், வானத்தை நோக்கி..." (அடித்துவிட்டேன். மண்ணுக்குத் தாகமாவது, மண்ணாங்கட்டியாவது!)

2

விஷயம் இதுதான். சாலைக்கு அடியில் ரோலர் ஓட்டி இறுக்கிய மண் முழுக்கக் காய்ந்தும் இருக்காது, முழுக்க நனைந்தும் இருக்காது. காயக் காய விறைக்கும். மழை இறங்கினால் தொளதொளத்துவிடும். அந்த விறைப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்வது பொறியாளர் ரவ்தாவின் வேலை. அவள் எழுதும் எண்ணை வைத்துத்தான் மேலே எவ்வளவு ஜல்லி என்று முடிவாகும். அதிக எண் என்றால் குறைந்த ஜல்லி. இந்தச் சாலை ஓடையைக் கடக்கிறது. தினமும் முப்பது பிள்ளைகளோடு பள்ளிக்கூட பஸ் போகப்போகிறது.

3

ஹெதி என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. மண் எடுத்து வேனில் கொண்டுவருகிறவர். ஓய்வுக்கு மூன்று மாதம். அவரை அயோக்கியனாக்கினால் எனக்கு வேலை சுலபம். [வேண்டாம்.] நோன்பு மாதத்தில் ஆய்வகம் இரண்டு மணிக்கு மூடிவிடும். ரொட்டிக்கடை வரிசையில் இடம் பிடிக்க, வேனை வெயிலில் விட்டுவிட்டு ஓடினார். மறுநாள் காலையில் பார்த்தால் மெழுகு உருகி வழிந்திருந்தது. புதிதாகப் பூசிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ரவ்தா சோதித்தாள். விறைப்பு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு வந்தது.

"ஹெதி அண்ணே, களத்துல ஈரம் நூத்துக்குப் பத்துன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஆறுதான் வருது. மீதி நாலை யார் குடிச்சது?"

"நோன்பு மாசத்துல நான் எங்கேம்மா குடிக்க?"

சிரித்துவிட்டாள். பிறகு ஒரு கட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "மெழுகு புதுசா இருக்கே அண்ணே."

"மூணு மாசந்தாம்மா இருக்கு."

"மறுபடி மண் எடுக்கலாம். ஆனா ஏன்னு காரணம் எழுதணுமே." படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். "நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதுங்க. எழுதலைன்னா வந்த எண்ணையே அனுப்பிடுவேன்."

4

முடிவு ஒன்று: எண் போகிறது, மழை வரவில்லை. (இங்கே மூன்று வருடம் சேர்ந்தாற்போல் பொய்த்ததுண்டு. நாலாவது வருடம்?)

முடிவு இரண்டு: காரணம் போகிறது, ஹெதி வேலை போய், ஓய்வூதியமும் இல்லாமல் அவர் மனைவி

(இதை முடிக்க முடியவில்லை.)

அடிக்குறிப்பு: மூன்றாம் பகுதியிலிருந்து 'அவர்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'நான்' என்று படியுங்கள். என் பெயர்தான் ஹெதி. பயமாக இருக்கிறது.

5

இப்போது மணி ஒன்றரை. எதிர் மேசையில் ரவ்தா தலையைக்கூடத் தூக்கவில்லை. இவ்வளவு நேரம் இந்தக் கதையை நான் எழுதிக்கொண்டிருந்தது அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்களோ, சீக்கிரம் சொல்லுங்கள். இந்தப் பக்கம் நிரம்பிவிட்டது. இனி முன்பக்கத்தில்தான் இடமிருக்கிறது.