மெட்டில்லாமல் வாசித்தபோது பெய்த மழை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டு சுந்தரபாண்டியனின் வீட்டின் மீது மட்டும் மழை பெய்யத் தொடங்கியது, சித்திரை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். எலுமிச்சம்பழம் விலை ஏறிக் கிடந்த சமயம். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளின் மொட்டைமாடியில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துளி விழவில்லை. இரண்டு மாடிக்கும் நடுவில் இருந்தது ஒரு கைப்பிடிச் சுவர்தான். ஏட்டு வீட்டில் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டியது, கொடியில் கிடந்த காக்கிச் சட்டை சொட்டச் சொட்ட நனைந்தது, பிறகு மழை நின்றுவிட்டது. மேல்தொட்டி நிரம்பி வழிகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஏட்டு ஏறிப் பார்த்தார். தொட்டி காலி. உடனே அவர் பிச்சையம்மாளைச் சந்தேகப்பட்டார். எது நடந்தாலும் பக்கத்தில் நிற்பவரிலிருந்து தொடங்குவது அவர் வழக்கம்.

அந்த வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுந்தரபாண்டியன் வேலை முடிந்து முன்தெரு வழியாக வீட்டுக்கு வந்ததே இல்லை. பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பின்பக்கத்துச் சந்து வழியாக நடந்து வருவார். முன்வாசலில் வருகிற போலீஸ்காரனுக்குத் தெருவில் எதுவும் தெரியவராது என்பது அவர் கட்சி. வரும்போது தலை குனிந்தே இருக்கும். புதுச் செருப்புத் தடம், பீடித் துண்டு, எதையாவது தேடிக்கொண்டே வருவார். தெருக்கோடியில் ஒரு வீட்டில் பித்தளைக் குடம் காணாமல் போன வாரத்தில், தன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குத் தானே இரண்டு கம்பி அடித்து மாட்டினார். மனைவி கல்பனா காற்று வராதே என்றாள். திருடனும் வரமாட்டான் என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த மாதமும் இரண்டாம் ஞாயிறு அதேபோல் பெய்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் பிச்சையம்மாளின் மகள் முனீஸ்வரி. இராஜபாளையத்தில் ஒரு டியூசன் சென்டர் மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறுகளில், பாட்டு வாசிக்கும் வட்டம் ஒன்று கூடும். சினிமாப் பாட்டு, ஆல்பம் பாட்டு எதுவானாலும் மெட்டை உரித்துவிட்டுக் கவிதையாக வாசிப்பார்கள். வாய்தவறி மெட்டை முணுமுணுத்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பழைய அகப்பாடல்களுக்குச் செய்வதுபோல, ஒவ்வொரு பாட்டுக்கும் இது யார் கூற்று, யாரிடம் சொன்னது என்று தீர்மானித்துவிட்டுத்தான் அடுத்த பாட்டுக்குப் போவார்கள். நடத்துபவர் கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் பரிபூரணம். முனீஸ்வரி அங்கிருந்து அம்மாவுக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே பரிபூரணம் ஒரு குறிப்பிட்ட பாட்டை எடுத்தால் ஏட்டு வீட்டில் மழை, நிறுத்தினால் வெயில். அதே பாட்டை டவுன் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் தொண்டை கிழியப் பாடினார்கள், ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. வாசித்தால் மட்டும் பெய்தது.

பாட்டு இதுதான்:

*மூணு துண்டாத் தெரியுது கோபுரம்*
*முருங்கப்பூ கொட்டுன சந்துல*
*உல கொதிச்சு அடங்கிப் போச்சு*
*நீ இன்னும் நிமிரலயே*
*மழையாச்சும் ஒன்ன நிறுத்தாதா*

செட்டியார்பட்டியில் ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கும் அழகுராஜா போட்ட ஆல்பம் பாட்டு. எழுதியவர் பெயர் தவசி என்று திரையில் ஓடும். பாடியது ஆண் குரல். ஆகவே தலைவன் கூற்று என்று வட்டம் முடிவு செய்தது. மூன்று துண்டான கோபுரம் முக்காலத்திலும் உடைந்த அவன் மனம். உலை என்பது நெஞ்சு. நெஞ்சு கொதிப்பதைச் சொல்ல உலையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று பரிபூரணம் கேட்டார். மழை பற்றிய சேதி வந்த பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். பாட்டு எவளைப் பார்த்துப் பாடப்பட்டதோ, அவள் வீட்டின் மீதுதான் பெய்கிறது.

அந்தச் சொல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர, கடைசி பஸ்கூடத் தேவைப்படவில்லை. தெரு முழுக்கக் கல்பனாவை ஒரு தினுசாகப் பார்த்தது. பார்த்த கையோடு, இரண்டாம் ஞாயிறுகளில் ஏட்டு வீட்டுக் குழாயடியில் குடமும் வைத்தது. நகராட்சிக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வராத வாரங்கள் அவை. நடத்தை சரியில்லாத வீட்டு மழை என்று யாரும் கீழே ஊற்றிவிடவில்லை.

சுந்தரபாண்டியன் தவசியைத் தேடினார். ரெக்கார்டிங் ரூம் வாசலில் ஒரு பெட்டி தொங்குவதாகவும், பாட்டு எழுதுகிறவர்கள் அதில் போட்டுவிட்டுப் போவதாகவும், ஆளைப் பார்த்ததில்லை என்றும் அழகுராஜா சாதித்தான். வ. புதுப்பட்டியில் ஒரு தவசி அகப்பட்டார். அவருக்குக் காது கேட்காது. கான்சாபுரத்துத் தவசி ஒருவர் துபாய் போய்ப் பல வருடமாகியிருந்தது. ஏட்டு கல்பனாவின் போனைப் பார்த்தார், மளிகைக்காரனைப் பார்த்தார், கேபிள்காரனைச் சந்தில் நிறுத்தி வைத்து முருங்கைப்பூவைப் பற்றி விசாரித்தார். ஆடி போய் ஆவணி வந்தது. புரட்டாசியில், பையைக் கட்டிவை, கான்சாபுரத்தில் உன் அம்மா வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று கல்பனாவிடம் சொன்னார். அவள் பையைக் கட்டி வாசல் பக்கத்தில் வைத்தாள்.

பிச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?”

“அவிய ஊரெல்லாம் விசாரிக்காவ. என்னைய விசாரிக்கல. கேக்காததுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?” என்றாள் கல்பனா.

ஐப்பசியின் இரண்டாம் ஞாயிறு, ஏட்டு மப்டியில் இராஜபாளையம் போய் வட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாட்டை அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதுவரை அவர் அந்தப் பாட்டைக் கேட்டிருந்தாரே தவிர வாசித்ததில்லை. கேட்கும்போதெல்லாம் பாடியவனின் கழுத்தை நெரிப்பதைப் பற்றித்தான் யோசித்திருந்தார். இப்போது வாக்குமூலத்தைப் படிப்பதுபோல் படித்தார்.

“மேடம், சொன்ன ஆளு எங்க நின்னு சொல்லுதான்னு பாத்தியளா?”

“அது மனநிலைங்க. இடமெல்லாம் பார்க்கக்கூடாது” என்றார் பரிபூரணம்.

“உல கொதிச்சு அடங்குதுன்னா அடுப்புப் பக்கத்துல நிக்கணும். அங்கிருந்தே சந்தும் தெரியணும், கோபுரமும் தெரியணும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். தாளை மடித்தார். கோபுரத்தை மூன்றாக வெட்டுவதற்கு இரண்டு கம்பி போதும்.

வீடு வந்தபோது தரை ஈரமாக இருந்தது. கல்பனா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் அடுப்புப் பக்கத்தில் போய் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆண்டாள் கோயில் கோபுரம் மூன்று துண்டாகத் தெரிந்தது. கீழே சந்து, முருங்கை மரம், கொட்டிய பூ. மழை பாடப்பட்டவள் வீட்டில் பெய்யவில்லை, எழுதியவள் வீட்டில் பெய்திருக்கிறது. அந்தச் சந்தில் தினமும் குனிந்த தலையோடு வருகிற ஒரே ஒருவரை அவருக்குத் தெரியும். அத்தனை மாதமும் அந்த ஆளின் செருப்புத் தடத்தின் மீதுதான் அவர் நடந்து வந்திருக்கிறார்.

“நீதான் எழுதுனியா?”

“ஆமா.”

“பாட்டுல வாரது நாந்தான?”

கல்பனா அரிசியை உலையில் போட்டு மூடினாள். “எழுதுறப்ப நீங்கதான். பொறவு அந்தச் சந்துல வேற ஒருத்தனத் தேட ஆரம்பிச்சிய. இப்ப அது வெறும் பாட்டு.”

ஏட்டு கான்சாபுரம் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. பை மட்டும் வாசல் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைப் பிரிக்கவுமில்லை, எடுத்துக்கொண்டு போகவுமில்லை. வேலையிலிருந்து வந்ததும் அவர் முதலில் பார்ப்பது அந்தப் பையைத்தான். பரிபூரணம் தலைவி கூற்று என்று திருத்திக்கொண்டார், ஆனாலும் உலை என்பது நெஞ்சுதான் என்பதை விடவில்லை. தெருவின் குடங்கள் காத்திருந்ததால் வாசிப்பும் நிற்கவில்லை.

கார்த்திகையின் இரண்டாம் ஞாயிறு, ஏட்டு லீவு போட்டுவிட்டுச் சந்தில் வந்து நின்றார். வழக்கமான நேரத்துக்கு மழை தொடங்கியது. வீட்டின் மீது பெய்தது, பிறகு கைப்பிடிச் சுவரைத் தாண்டாமல், சந்தில் அவர் நின்ற இடம்வரை அகன்று வந்து அங்கேயும் பெய்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. சாரல் அடிக்கிறதே என்று சாத்தியிருக்கலாம். நனைந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

பின்கதவைத் திறந்துகொண்டு பிச்சையம்மாள் குடத்தோடு வந்தாள். மழை இந்தப் பக்கமும் வந்துவிட்டதைப் பார்த்தாள்.

“ஏட்டையா, செத்த தள்ளி நில்லுங்க. கொடத்துல விழட்டும்.”

அவர் தள்ளி நின்றார்.