பங்கேற்பாளர் பதினொன்று

அவளுடைய ஆய்வுப் போஸ்டருக்கு முதல் பரிசு கிடைத்த மறுநாள் ரேடியோ அண்ணன் வேலைக்கு வரவில்லை.

ரேடியோ அவளுடைய துறைக் கட்டடத்தைத் துடைக்கிறவர். வாய் ஓயாதவர் என்பதால் அந்தப் பெயர். பொதுச் சுகாதாரம் படிக்கக் கடல் தாண்டி வந்தவளிடம் அங்கே முதலில் தமிழ் பேசியவரும் அவர்தான்.

"டாக்டரம்மா, காலைத் தூக்குங்க."

"நான் டாக்டர் இல்லண்ணே."

"ரொம்ப நல்லது. ஊசி போட மாட்டீங்க."

அவளுடைய ஆய்வு துப்புரவுத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றியது. தரை துடைக்கும் மருந்தின் நெடியில் பலருக்கும் இழுப்பு. வெளியே தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும். அப்படியும் பன்னிரண்டு பேர் அவளிடம் மனம் திறந்தார்கள். பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டாள். வயதை மாற்றினாள், ஊரை அழித்தாள். பங்கேற்பாளர் பதினொன்று சொன்னதில் மட்டும் கைவைக்க மனம் வரவில்லை. பெரிய எழுத்தில் போஸ்டரின் நடுவில் போட்டாள்:

"இருமல் முட்டிக்கிட்டு வந்தா வாளியைத் தடால்னு கீழ போடுவேன். அந்தச் சத்தத்துல இந்தச் சத்தம் போயிடும்."

அதைப் படித்துப் பேராசிரியை கண் கலங்கினார். துப்புரவு மேற்பார்வையாளரும் படித்தார். மூன்று வருடமாக அந்த மாடியில் யார் வாளி விழுகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அன்று மாலை நூலக வாசலில் ரேடியோ காத்திருந்தார். சீருடை இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"நிறுத்தி வெச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை மூச்சை ஊதிக் காட்டணுமாம். ஊதினா நேரா ஊருதான்."

"அண்ணே, உங்க பேரை நான் எங்கயும் போடலையே!"

"ஆமா தங்கச்சி. பேரு பத்திரமா இருக்கு. வேலைதான் போச்சு."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"ஒரு வழி இருக்கு. அது நீங்களா கற்பனையில எழுதினதுன்னு ஒரு காகிதம் குடுங்க. ஃபைல்ல போட்டு மூடிடறேன்னு மேற்பார்வையாளர் சொல்றாரு. புது ஆள் தேடுற தலைவலி அவருக்கும் வேண்டாமாம்."

யாரும் சொல்லாததைச் சொன்னதாக எழுதிய மாணவருக்குப் பட்டம் கிடையாது. பட்டம் இல்லையென்றால் விசாவும் இல்லை. முதல் வாரமே அதைப் படிக்கவைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவருக்கு அது தெரியாது. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள்.

"என்ன, பொய் சொல்ல பயமா? நான் மூணு வருஷமா சொல்லிட்டுத்தானே இருக்கேன்!"

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இழுப்பாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் காப்பாற்றப் போகும் வேலைதான் அந்த மூச்சைத் தின்கிறது. அதையும் அவளால் சொல்ல முடியவில்லை.

மேற்பார்வையாளரின் மேஜையில் அவள் அந்தக் காகிதத்தை எழுதி முடித்ததும் அவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"மாணவர் எண்ணையும் போட்டுடுங்க. உங்க துறைக்கு ஒரு நகல் போகணும்."

"அது கட்டாயமா, சார்?"

"விதிங்க. நான் என்ன பண்ண?"

கண்ணாடிக்கு வெளியே ரேடியோ யாரிடமோ கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஏழு இலக்கங்களையும், யாரும் தப்பாகப் படித்துவிடாதபடி நிறுத்தி எழுதினாள்.

வெளியே வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "திங்கக்கிழமை வேலைக்கு வரலாமா?"

"வரலாம்ணே. அந்த மருந்தை மட்டும் மாத்தச் சொல்லுங்க."

"நான் சொன்னா யார் கேப்பாங்க? நீங்க படிச்சு முடிச்சிட்டு வந்து சொல்லுங்க, டாக்டரம்மா."

"சரிண்ணே" என்றாள்.