பொம்மை அலகு

விடியலில் நாரைக்குஞ்சு ஒன்று ஓடி வந்து அவன் முழங்காலில் தலையைத் தேய்த்தது. வேறு எங்காவது என்றால் மனம் குளிர்ந்து போகும். அந்தப் பண்ணையில் அது வேலைக்கு உலை வைக்கும் காரியம்.

அவனுக்கு வானொலி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. தூக்கத்திலும் வாய் ஓயாதவனுக்குப் பேசவே கூடாத வேலை வாய்த்தது விதியின் குசும்பு. விரல்விட்டு எண்ணும்படி மிஞ்சியிருந்த நாரை இனம் அது. முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சை வளர்த்து, சதுப்பில் விடுவதற்காகவே அந்தப் பண்ணை. குஞ்சு மனித முகத்தைப் பார்க்கக் கூடாது, மனிதக் குரலைக் கேட்கக் கூடாது. பழகிவிட்டால் சதுப்பை விட்டு மனிதனைத் தேடி வரும். வேட்டைக்காரனோடும் உறவு கொண்டாடும். ஆகவே தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி, முகத்துக்கு வலை, வலது கையில் தாய்நாரையின் பொம்மைத் தலை. அந்த அலகால் மீனைக் கவ்வி ஊட்ட வேண்டும்.

முன்பு ஒரு வரிசைக் கூண்டுக்கு இரண்டு பேர். மழை தொடங்கியதும் மேனேஜர் அதை ஒருவராக்கினார். இரவுக்காவலும் அவர்கள் தலையில் விழுந்தது. முந்தின நாள் வானொலி ராத்திரி முழுக்கக் காட்டுப்பூனையை விரட்டிவிட்டு, கண்ணைக்கூடக் கழுவாமல் தீனிக்கு இறங்கியிருந்தான். அங்கிக்குள் வியர்வை ஊற்றியது. மீன்வாடை தொண்டையில் ஒட்டியது. பொம்மைக்குள் விரல்கள் மரத்துக் கோணிக்கொண்டன. கடைசிக் குஞ்சு வாய் திறக்கவில்லை. தலை தொங்கி, கண் செருகியது. பதறிப்போனவன் மூச்சு முட்டி வலையைக் கழற்றினான்.

"சாப்புடுடா ராசா, என் மானத்தை வாங்காதே" என்றான்.

குஞ்சு கண் திறந்து அவன் முகத்தைப் பார்த்தது. வயிறாரச் சாப்பிட்டது. பிறகு பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பண்ணையில் சண்டை போடுவதற்கும் ஒரு முறை உண்டு. குஞ்சுகளின் காதுக்கு எட்டாமல், நாணலைத் தாண்டிப் பம்புக் கொட்டகைக்குப் போய்த்தான் வாய் திறக்கலாம். விடியலில் குஞ்சு ஓடி வந்ததைப் பார்த்துவிட்ட மேனேஜர் கோபத்தை ஆறவிடாமல் பொத்திப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தார். பின்னால் வெள்ளை அங்கிகள் வாய் பேசாமல் நடந்தன.

"இன்னையோட நீ கிளம்பலாம்."

"தப்பு என்னுதுதான் சார். ராத்திரி பூரா முழிச்சதுல..."

"எல்லாரும்தான் முழிக்கிறாங்க."

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம்."

எந்த அங்கி பேசியது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. தொட்டிகளைக் கழுவுகிற குளத்தக்கா வலையைத் தூக்கி முகத்தைக் காட்டினாள். "குஞ்சைப் பொம்மைக்கே திருப்பிடலாம்னு பறவை டாக்டரம்மா சொல்றாங்க. ஒருத்தர் ஊட்டணும், இன்னொருத்தர் பெரிய நாரையா பக்கத்துலயே நிக்கணும். வரிசைக்குப் பழையபடி ரெண்டு பேர் போடுங்க. இவனும் இருக்கட்டும்."

"முடியாது."

"அப்ப நாளைக்கு மைதானத்துல நாரையும் கிடையாது."

மறுநாள் பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. வெள்ளை அங்கி முன்னே ஓட, குஞ்சுகள் சிறகடித்துப் பின்னே ஓடுவதைப் பந்தலில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"குஞ்சுங்களைப் பட்டினி போடுவீங்களா? இவ்வளவுதானா உங்க பாசம்?"

"ஒரு வேளைத் தீனியும் தவறாது சார். பின்பக்கச் சதுப்புல ஓட்டம் பழக்குறதும் தவறாது. விருந்தாளிங்களுக்கு வேடிக்கை மட்டும் கிடையாது."

மேனேஜர் சிரித்தார். ஒரு தோளில் கை வைத்து, அது வேறு ஆள் என்று தெரிந்து எடுத்து, பிறகு சரியான தோளைக் கண்டுபிடித்தார். அது வானொலியின் மச்சினன், மனைவியின் தம்பி. "எனக்கு இவன் ஒருத்தன் போதும். நாளையிலேர்ந்து இவன்தான் சூப்பர்வைசர். குஞ்சுங்களை இவன் கூட்டிட்டு வருவான். என்னப்பா?"

"பாக்கலாம் சார்."

மச்சினன் பேச்சு எப்போதும் அப்படித்தான். கொட்டகை தீப்பிடித்தபோது வெளியே வாடா என்று கத்தியதற்கும் 'பாக்கலாம் மாமா' என்றவன். மேனேஜர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். வானொலியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். ஒருத்தன் கூட்டி வந்துவிட்டால் மற்றவர்கள் மறுத்து என்ன பயன்? தன்னோடு குளத்தக்காவையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அன்று முழுவதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் குஞ்சு அவனைத் தேடிக் கீச்சிட்டது. இவன் இந்தப்பக்கம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். பார்த்தவர்கள் பல்வலி என்று நினைத்திருப்பார்கள். வேலை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முறைபோட்டு இரண்டிரண்டு பேராகக் கூண்டுக்குள் போய் நின்றார்கள்.

பொழுது சாயும்போது எல்லோரும் பம்புக் கொட்டகையில் கூடினார்கள். மைதானத்துக்கு வரமாட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மச்சினன் கூண்டிலிருந்து கடைசியாக வந்து, முழங்கையில் ஒட்டிய மீன்செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

வானொலி அவன் பக்கத்தில் போய் நின்றான். "மாப்ளே, சூப்பர்வைசர் வேலை சும்மா வராது. உங்க அக்கா முகத்துக்காக நீ எதையும் விட வேண்டாம். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். நாளைக்கு அதுங்களைக் கூட்டிட்டு வருவியா?"

"இப்ப அந்தக் குஞ்சு பொம்மை அலகுலேர்ந்து ஒரு மீன் வாங்குச்சு மாமா."

வானொலி கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நான் அதைக் கேக்கலை."

"ஒண்ணுதான் வாங்குச்சு. அடுத்ததைத் துப்பிருச்சு. விடியக்காலையிலயும் ரெண்டு பேர் நிக்கணும். குளத்தக்காவும் நானும் நிக்கிறோம்."

"அதையும் கேக்கலைடா. மைதானத்துக்குக் கூட்டிட்டு வருவியா, மாட்டியா?"

மச்சினன் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தினான்.

"மாட்டேன் மாமா."