திரையின் இரண்டாவது வரி

விவாகரத்தில் யாக்ஷா காற்றடைக்கும் இயந்திரத்தையும் நாயையும் எடுத்துக்கொண்டான். எனக்குப் படகு. மணநாளுக்கு ஜோடியாக வாங்கிய டிரான்ஸ்மிட்டர்களில் ஆளுக்கு ஒன்று. அது கட்டைவிரல் பருமன்தான். முக்குளிக்கும்போது முதுகில் மாட்டும் சிலிண்டரின் தலையில் திருகிவிட்டால், உள்ளே எவ்வளவு காற்று மிச்சம் என்று மணிக்கட்டில் கட்டியிருக்கும் கணினிக்குக் கம்பியில்லாமல் சொல்லும். பத்து மீட்டருக்குள் இருந்தால், உடன் முக்குளிப்பவரின் கணக்கையும் காட்டும். என் திரையில் முதல் வரி நான். இரண்டாவது வரி யாக்ஷா. அதை நான் அழிக்கவில்லை. ஏழு தடவை பொத்தானை அழுத்த வேண்டும், யாருக்கு நேரம் இருக்கிறது?

கோமிஷா துறைமுகத்தில் இப்போது எங்களுக்குத் தனித்தனி முக்குளிப்புக் கடை. ஆனால் நாங்கள் இருவரும் வாடிக்கையாளர்களைக் கூட்டிப்போகும் மூழ்கிய கப்பலுக்கு மேலே இருப்பது ஒரே மிதவை. முதலில் வருகிற படகு அதில் கட்டும், அடுத்தது முதல் படகில் கட்டும். இரண்டாவது படகின் கடைசி ஆள் ஏறும்வரை முதல் படகு நகர முடியாது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் நானும் யாக்ஷாவும் ஒரே கயிற்றில் ஆடிக்கொண்டிருப்போம், பேசாமல்.

பேசாவிட்டால் என்ன, எனக்குத்தான் எண் தெரிகிறதே. ஜூனில் ஒரு நாள் கப்பலின் பின்புறம் அவனைத் தாண்டிப் போனேன். இரண்டாவது வரி ஒரே நிமிடத்தில் ஏழு பார் அழுத்தம் இறங்கியது. அந்த ஆழத்தில் நிமிடத்துக்கு மூன்றைத் தாண்டாதவன் அவன். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நீந்தியவள் நான். என்னைப் பார்த்ததும் மூச்சு வாங்குகிறது என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

அடுத்த வாரம் வேண்டுமென்றே மெதுவாகத் தாண்டினேன். எட்டு. மஞ்சள் நிறத்தில் புதுத் துடுப்புக்காலணி வாங்கினேன். ஒன்பது. படகோட்டும் என் சித்தி மகள் லூத்ஸே, "என்னடி, மீனுக்கெல்லாம் அழகு காட்டப் போறியா?" என்று கேட்டாள். ஒருவனுடைய மூச்சைத் திருட்டுத்தனமாக எண்ணுவது அவன் கடிதத்தைப் பிரிப்பதைவிடக் கேவலம் என்று தெரிந்தே இருந்தது. இருந்தும் ராஜினாமா செய்துவிட்ட ஒரு பதவியின் சம்பளம் இன்னும் வந்துகொண்டிருப்பதுபோல ஒரு சந்தோஷம். அவனுக்கு மட்டும் இது தெரியக்கூடாது. தெரிந்தால் ஊரைவிட்டே போய்விட வேண்டியதுதான்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. என் ஆட்களை லூத்ஸேயிடம் ஏற்றிவிட்டு, மிதவையின் அடிக்கயிற்றைப் பார்க்கத் திரும்பவும் இறங்கினேன். இரண்டாவது வரி உயிர்பெற்றது. அறுபது. நாற்பத்தெட்டு. ஐம்பதுக்குக் கீழே இறங்குவதற்குள் எல்லோரும் மேலே போய்விட வேண்டும், அது அவனே பிறருக்குச் சொல்லும் சட்டம். நாற்பத்தொன்று. கர்வம் பிடித்தவன், செத்தாலும் காற்று கேட்கமாட்டான்.

மஞ்சள் துடுப்பை விசிறிக்கொண்டு பாய்ந்தேன். பிறருக்குக் காற்று கொடுக்க வைத்திருக்கும் என் உபரி வாய்க்குழாயை உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

யாக்ஷா அதையும் என்னையும் பார்த்தான். நிதானமாகத் தன் சிலிண்டரில் தொங்கும் பழைய முள் வைத்த அளவுமானியைத் தூக்கிக் காட்டினான். நூற்றுப் பத்து. அவனுடைய உபரிக் குழாய் ஏற்கெனவே பக்கத்தில் இருந்த பெருத்த உடம்புக்காரர் வாயில் இருந்தது. கிராட்ஸிலிருந்து வந்த ரொட்டிக்கடைக்காரர் கெர்னோட். அவர் சிலிண்டரின் தலையில் கட்டைவிரல் பருமனில் யாக்ஷாவின் கறுப்பு டிரான்ஸ்மிட்டர்.

பயந்து மூச்சு வாங்கும் வாடிக்கையாளரின் சிலிண்டரில் தன் டிரான்ஸ்மிட்டரை மாட்டிவிட்டு, அவரைத் தொந்தரவு செய்யாமல் தன் மணிக்கட்டிலேயே அவர் காற்றைக் கண்காணிப்பது வழிகாட்டிகள் செய்கிற வேலை. நானும் செய்திருக்கிறேன். யாக்ஷா தன் கணினியைப் பார்த்தான், நாற்பத்தொன்று. பிறகு என்னுடையதை. அங்கும் அதேதான், மேலே அவன் பெயரோடு.

மேலே வந்ததும் ஓடிப்போகலாமென்றால், காலையில் மிதவையைப் பிடித்தது நாங்கள். அவன் ஆட்கள் எல்லோரும் ஏறியாக வேண்டும். கெர்னோட் யாக்ஷாவின் படகிலிருந்து என்னைக் காட்டி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் கை காட்டறதுக்கு முன்னாடியே இந்தம்மா வந்து நிக்கறாங்க. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் குனிந்து துடுப்பைக் கழற்றினேன். கழற்றி முடித்ததையே மறுபடி கழற்றினேன்.

"அவளுக்குத் தெரியும்," என்றான் யாக்ஷா. "பழக்கம்."

அவ்வளவுதான். பிறகு படகுகள் உரசிய நேரத்தில் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னான். "ஜூன்ல அதை மாட்டியிருந்தது ஒரு பல் டாக்டரம்மா. அப்புறம் போலந்துக்கார அண்ணன் தம்பி. ரொம்ப மூச்சு வாங்கினது ஒரு பாதிரியார். இவங்களையெல்லாம் நீ என்னன்னு நெனச்சுட்டிருந்த?"

மஞ்சள் துடுப்பு நாளின் ஒன்பது அந்தப் பாதிரியாருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"காத்து எவ்ளோன்னு தெரியணும்னா என்னையே கேட்டிருக்கலாமே," என்றான்.

"கேட்டா சொல்லியிருப்பியாக்கும்."

அவன் யோசித்துவிட்டு, மாட்டேன் என்று ஒப்புக்கொண்டான்.

நான் அவன் எதிரிலேயே கணினியின் பட்டியலைத் திறந்தேன். மூன்று அழுத்தலிலேயே 'அழிக்கவா?' என்று கேட்டது. ஏழு என்று யார் எனக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

"இரு," என்றான். "செவ்வாக்கிழமை ஒரு நோட்டரி வர்றாரு. குளியல் தொட்டியிலயே பயப்படற ஆளு. நீயும் ஒரு கண்ணு வச்சுக்கிட்டா எனக்கு நல்லது."

லூத்ஸே கயிற்றை அவிழ்த்துவிட்டு, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டாள். நான் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். வீட்டுக்குப் போனதும் அந்த வரியின் பெயரை 'நோட்டரி' என்று மாற்றினேன்.